வலி என்னும் காவற்காரன்

வலியை விரும்புவோர் யாருமில்லை. பல்வலியால் துடிக்கும் ஒருவரைக் கேட்டால், வலி என்ற ஒன்றே உலகில் இல்லாதிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பார். உண்மையிலேயே வலி இல்லாமற் போனால் என்ன ஆகும்? இதற்கு விடை காணுமுன், வலி எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம்.

அடி ஒன்று, வலி இரண்டு

நடக்கும்போது கால் கட்டைவிரலைக் கல்லில் இடித்துக் கொள்கிறீர்கள். உடனே 'சுரீர்' என்று ஒரு வலி. சிறிது பொறுத்து 'விண் விண்' என்று மற்றொரு வலி மெதுவாக வந்து நெடுநேரம் தங்கிவிடுகிறது. இது ஏன்?

நமது தோல், தசை, மூட்டு, பல்லின் உட்பகுதி ஆகிய இடங்களில் எல்லாம் வலியை அறியும் நுண்ணிய நரம்பு நுனிகள் பரவியுள்ளன. மெல்லத் தொட்டால் இவை வாளாவிருக்கும். வெட்டு, நசுக்கல், கடுஞ்சூடு போன்றவை நேர்ந்தால்தான் விழித்தெழும். இந்நுனிகளின் மேற்பரப்பில் புரதத்தால் ஆன வாயில்கள் உண்டு. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு ஏறினால் அவற்றுள் ஒருவகை வாயில் திறந்து கொள்கிறது. கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மின் துடிப்பு பிறக்கிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் பொருளும் இதே வாயிலைத் திறக்கிறது. காரம் தின்றால் நாக்கு 'எரிகிறது' என்கிறோம் அல்லவா? நரம்பைப் பொறுத்தவரை அது வெறும் உவமை அன்று! இவ்வாயிலை 1997ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் அமெரிக்க அறிவியலறிஞர் டேவிட் ஜூலியஸ். இவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வலிச் செய்தியை எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் இருவகைப்படும். ஒருவகை, மெல்லிய கொழுப்புறை போர்த்தியது. இதில் செய்தி விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்லும். மற்றொரு வகை உறையற்றது, மிக நுண்ணியது. இதில் வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்படாது. 'சுரீர்' வலி முதல் வழியாகவும், 'விண் விண்' வலி இரண்டாம் வழியாகவும் வந்தவை.

தண்டுவடத்தில் ஒரு கதவு

இரு செய்திகளும் முதலில் தண்டுவடத்தை அடைகின்றன. அங்கிருந்தே தசைகளுக்குக் கட்டளை பிறக்கிறது. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை, மூளை வலியை உணருமுன்பே விலகிவிடுவது இதனால்தான். பிறகு செய்தி மேலேறி, மூளையின் தாலமஸ் பகுதியை அடைந்து, பெருமூளைப் புறணிக்குப் பரவுகிறது. அப்போதுதான் 'வலிக்கிறது' என்று நாம் உணர்கிறோம். அடிபட்டது விரல், வலியை உணர்வதோ மூளை!

இடித்துக் கொண்ட இடத்தை உடனே தேய்த்து விடுகிறோம். வலி சற்றுக் குறைகிறது. இதற்கு 1965ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு உள்ளது. தொடுவுணர்வைக் கொண்டுவரும் பருத்த இழைகள் அக்கதவைச் சாத்த முயலுகின்றன. வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் திறக்க முயலுகின்றன என்றார்கள். இக்கொள்கையின் நுட்பங்கள் பின்னர் திருத்தம் பெற்றன. எனினும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

மூளையும் மேலிருந்து அக்கதவைச் சாத்த வல்லது. விளையாட்டின் மும்முரத்தில் பட்ட காயம் ஆட்டம் முடிந்த பிறகே வலிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மார்பினைப் போலவே வலியைத் தணிக்கும் என்கெபலின் என்னும் பொருள்கள் மூளையிலேயே சுரப்பதை, 1975ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் ஜான் ஹியூசும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும் கண்டறிந்தனர்.

காவற்காரன் உறங்கிவிட்டால்

இனி நம் கேள்விக்கு வருவோம். இதற்கு விடை கிடைத்தது நமது வேலூரில்!

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் விரல்கள் குறைந்து போவது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். நோயினால் சதை அழுகி விரல்கள் தாமே விழுந்து விடுகின்றன என்றே அன்று பலரும் நம்பியிருந்தனர். ஆனால் அவர்களுடைய புண்களும், மற்றவர்களின் புண்களைப் போலவே ஆறுவதைப் பிராண்டு கண்டார். அப்படியானால் கேடு எங்கிருந்து வந்தது?

தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. நரம்பு கெட்டதும் அப்பகுதியில் வலியுணர்வு மறைகிறது. சுடுகின்ற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரிவதில்லை. செருப்பில் ஆணி குத்தினாலும் நடை நிற்பதில்லை. இரவில் எலி விரலைக் கடித்தாலும் உறக்கம் கலைவதில்லை! புண்ணின் மேல் புண்ணாகி, சீழ் பிடித்து, எலும்பு கரைந்து விரல் குறைகிறது. காவற்காரனை இழந்த உடல் நாள்தோறும் தன்னையே காயப்படுத்திக் கொள்கிறது. இதனை உணர்ந்ததும் மருத்துவ முறையே மாறிற்று. மருந்தோடு, ஏற்ற காலணி அணிதலும், கைகால்களை அன்றாடம் பார்த்துச் சோதித்தலும் நோயாளர்க்குக் கற்பிக்கப்பட்டன. வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்கள் ஏற்றுக் கொண்டன.

நீரிழிவு நோய் முற்றினாலும் பாதங்களில் இவ்வாறே உணர்வு குன்றும். உங்கள் வீட்டில் நெடுநாளாக நீரிழிவு உள்ள பெரியவர்கள் இருந்தால், இரவில் படுக்குமுன் அவர்களுடைய பாதங்களைப் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ இருந்தால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அங்கே உணர்ச்சி குறைந்திருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகும். ஆனால் நெடுநாள் கெட்டுப்போன நரம்பு மீள்வது அரிது. ஆகவே காலந் தாழ்த்தலாகாது.

வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காவிட்டால், இன்னும் விரைந்து ஓட வேண்டும்.