கடை புனேயில், சாவி வந்தவாசியில்

நம் சங்க மலரில் வழக்கமாகக் கல்வெட்டு, பழைய உரை என்று எதையாவது எழுதுவேன். இந்தத் தடவை கணினி பற்றி. படிச்சது எஸ்.எஸ்.எல்.சி., தொழில் அரிசி வியாபாரம். என்றாலும் கடைக் கணக்கு ஓடும் சர்வரை நானே நிறுவி, ஊருக்குப் போனால் அங்கிருந்தே கவனித்துக்கொள்கிறேன். நம்மில் பலருக்கும் தொழில் ஓர் ஊர், வீடு வாசல் வேறு ஊர். ஆகவே உதவும்.

சர்வருக்குத் தமிழில் வழங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழங்குதல் என்றால் கொடுத்தல், புழக்கத்தில் இருத்தல் என இரு பொருள். கேட்டதைக் கொடுத்துக்கொண்டு ஓயாமல் புழங்கும் இயந்திரத்துக்கு இரண்டுமே பொருந்துகின்றன. கடையில் இருப்பது பழைய மேசைக் கணினிதான். அதில் உபுண்டு சர்வர் 24.04 போட்டிருக்கிறேன். 2024 ஏப்ரலில் வந்தது. ஐந்து வருஷத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம். படம், ஜன்னல், மவுஸ் எதுவும் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். கிராமத்தில் செல்போன் இணையம் நொண்டியடிக்கும்போது இதன் அருமை தெரியும். எழுத்து மட்டும்தானே போய் வரவேண்டும்!

மென்பொருளுக்காக எங்கும் அலைய வேண்டாம். 'ஆப்ட்' என்ற கட்டளை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து இறக்கி, அதற்குத் தேவையான துணைச் சரக்குகளையும் சேர்த்து, முத்திரை சரிபார்த்து நிறுவிவிடும். 'ஆப்ட் அப்டேட்' என்பது மண்டியிலிருந்து சரக்குப் பட்டியல் வாங்குவது போல; 'ஆப்ட் அப்கிரேட்' அடித்தால்தான் மூட்டை இறங்கும். இப்படித்தான் கணக்குக்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நிறுவினேன். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' என்றால் மென்பொருள் இப்போது ஓடும். 'எனேபிள்' என்றால்தான் கணினி மறுபடி எழும்போது தானாக ஓடும்.

தொலைவிலிருந்து நுழைய எஸ்.எஸ்.எச். என்ற வழி. ஷெல் என்றால் ஓடு. நடுவில் இருக்கும் பருப்புக்குக் கெர்னல் என்றும், அதைச் சுற்றி நம்மோடு பேசும் பகுதிக்கு ஓடு என்றும் பெயரிட்டார்கள். முன்பு டெல்நெட் இருந்தது; அதில் கடவுச்சொல் மறைப்பின்றி அப்படியே கம்பியில் போகும். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டதைக் கண்ட தாத்து யூலோனென் என்ற ஆராய்ச்சியாளர் 1995-ல் எஸ்.எஸ்.எச்.சை எழுதினார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். இன்றும் அதுதான் வாசல் எண்.

பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று தனி முகவரி தருவதில்லை. நான் பணம் கட்டி நிலையான ஐ.பி. வாங்கி, ரூட்டரில் அந்த ஒரு வாசலுக்கு மட்டும் வழி விட்டேன். அன்றைக்கே, முகம் தெரியாதவர்கள் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துக் கதவைத் தட்டுவது பதிவேட்டில் தெரிந்தது. கடவுச்சொல்லை நம்பக்கூடாது, சாவிதான் சரி. 'எஸ்.எஸ்.எச்.-கீஜென்' என்ற கட்டளை இரண்டு கோப்புகளை உண்டாக்கும். ஒன்றைப் பூட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள், அது சர்வருக்குப் போகும். மற்றது சாவி, நம் கணினியை விட்டு நகரக்கூடாது. சாவி வேலை செய்வதைப் பார்த்தபின் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிடலாம்.

இவ்வளவும் செய்த நான் ஏமாந்த கதையையும் சொல்லவேண்டும். 2025 பொங்கலுக்கு வந்தவாசிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சும்மா இருக்காமல், இன்னும் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கட்டுமே என்று யு.எஃப்.டபிள்யு. என்ற தடுப்புச்சுவரை எழுப்பினேன். "எஸ்.எஸ்.எச். இணைப்பு பாதிக்கப்படலாம், தொடரலாமா?" என்று அது கேட்கத்தான் செய்தது. ஆமாம் என்று தட்டினேன். இருந்த இணைப்பு அறுபடவில்லை, திருப்தியாகப் படுத்துவிட்டேன். சுவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை விரட்டாது, புதிதாக வருபவரைத்தான் தடுக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலையில் கடையிலிருந்து போன். பில் போடும் இரண்டு கணினிகளும் சர்வரைத் தொடமுடியவில்லை. வாசலில் லாரி. நானும் நுழையமுடியவில்லை. சர்வரில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டச் சொல்லி, மராத்திப் பையனுக்கு என் வியாபார இந்தியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் காத்த கடவுச்சொல்லையும் திண்ணையில் நின்று கத்திச் சொல்லவேண்டி வந்தது. சுவரை இறக்க முக்கால் மணி நேரம். அதுவரை பில் காகிதத்தில். அன்றே கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

இப்போது என் வரிசை வேறு. முதலில் 'யு.எஃப்.டபிள்யு. அலவ் ஓப்பன்எஸ்எஸ்எச்'. அடுத்து, தரவுத்தளத்தின் 5432-ம் வாசலைக் கடைக்குள் இருக்கும் கணினிகளுக்கு மட்டும் அனுமதித்தல். வெளியுலகுக்கு அது திறக்கவே கூடாது. அதன்பிறகே 'எனேபிள்'. எஸ்.எஸ்.எச். அமைப்பைத் திருத்தினால் 'எஸ்.எஸ்.எச்.டி. -டி' என்று பிழை பார்த்துக்கொண்டு, பிறகுதான் மறுபடி தொடங்குகிறேன். எது செய்தாலும் பழைய ஜன்னலை மூடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்க்கிறேன். பில் கணினி ஒன்றையும் மறுபடி இணைத்துப் பார்க்கச் சொல்கிறேன். கடை திறந்திருக்கும் நேரத்தில் தடுப்புச்சுவர் பக்கமே போவதில்லை.

கணக்கின் நகல் ஒன்று தினம் ராத்திரி வேறு வட்டுக்குப் போகிறது. மாசம் ஒரு தரம் அதை வேறு கணினியில் விரித்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். மானிட்டரும் கீபோர்டும் சர்வர் பக்கத்திலேயே இருக்கின்றன. கட்டளைகளைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன், கடவுச்சொல் நீங்கலாக.