ஆழ்கடலில் அணுவாற்றல்

நீர்மூழ்கிக் கப்பல் என்றவுடன், அஃது எந்நேரமும் நீருக்கடியிலேயே உலவுவது என நாம் எண்ணுகிறோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உண்மை அதுவன்று. டீசல் எண்ணெய் எரிவதற்குக் காற்று வேண்டும். ஆகவே அக்கப்பல்கள் பெரும்பொழுதை நீர்ப்பரப்பின்மீதே கழித்தன. வேண்டியபோது மட்டும் மூழ்கின. மூழ்கியபின் மின்கலங்களில் சேமித்த மின்சாரமே துணை. விரைந்து சென்றால் அது சில மணி நேரத்திற்குள் தீர்ந்துவிடும். பின்னர், மூச்சு வாங்க வரும் திமிங்கிலத்தைப் போல மேலே வந்தே தீரவேண்டும். விமானங்கள் அவற்றைக் கண்டு அழித்தது பெரும்பாலும் அவ்வேளையில்தான்.

இக்குறையை நீக்க முனைந்தவர்களுள் தலையாயவர் ஹைமன் ரிக்கோவர். போலந்து நாட்டில் ஒரு யூதத் தையற்காரரின் மகனாகப் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறினார். 1922-இல் கடற்படைக் கல்லூரியிற் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் நீர்மூழ்கிக் கப்பல்களிற் பணியாற்றினார். 1946-இல் கடற்படை அவரை டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பியது. நாற்பது வயதைக் கடந்த அவ்வதிகாரி, அங்கே மாணவரைப் போல அமர்ந்து அணுவியல் பயின்றார். பின்னர்க் கடற்படையிலும் அணுசக்தி ஆணைக்குழுவிலும் ஒரே காலத்திற் பதவி வகித்தார். ஓர் அலுவலகத்தினின்று தாமே கடிதம் எழுதி, மற்றோர் அலுவலகத்தினின்று தாமே இசைவு விடுப்பார் என்று வேடிக்கையாகக் கூறுவர்.

அணுவுலை கப்பலை எவ்வாறு செலுத்துகிறது? நியூட்ரான் தாக்கும்பொழுது யுரேனிய அணுக்கரு பிளவுற்று, வெப்பத்தையும் வேறு சில நியூட்ரான்களையும் வெளியிடுகிறது. உலையினூடே மிகுந்த அழுத்தத்தில் நீர் ஓடுகிறது. அவ்வழுத்தத்தினால் அது கொதியாமலே வெப்பத்தைச் சுமந்து சென்று, வேறொரு குழாய்த் தொடரிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. அவ்வாவி டர்பைனைச் சுழற்றுகிறது. எதுவும் எரிவதில்லை, ஆதலின் காற்றும் வேண்டுவதில்லை.

சொல்வது எளிது. எரிபொருளுக்கு உறையிட, நியூட்ரான்களை விழுங்காததும் துருப்பிடியாததுமான உலோகம் தேவைப்பட்டது. அன்று அரிதாகவே கிடைத்த ஸிர்க்கோனியத்தை ரிக்கோவர் தேர்ந்து, அதனை ஏராளமாக உண்டாக்கச் செய்தார். அதனுடன் கலந்திருந்த ஹாஃப்னியம் நியூட்ரான்களை விழுங்கும் இயல்புடையது; எனவே அதனைப் பிரித்தெடுத்தனர். உலையின் வேகத்தை அடக்கும் கழிகளைச் செய்ய அந்த ஹாஃப்னியமே பயன்பட்டது!

முதல் மாதிரி உலையை ஐடஹோ பாலைவனத்தில் அமைத்தனர். பரந்த கூடத்தில் தாராளமாக அமைத்துச் சோதிப்பதே வழக்கம். ரிக்கோவரோ, அதனைக் கப்பலின் குறுகிய உடற்கூட்டிற்குள்ளேயே அமைத்து, சுற்றிலும் கடலுக்கு ஈடாக நீர்த்தொட்டி கட்டச் செய்தார். 1953 மார்ச்சு 30-இல் அவ்வுலை உயிர்பெற்றது. சூன் மாதத்தில் அதனை 24 மணி நேரம் முழு ஆற்றலுடன் ஓட்டிப் பார்த்தனர். நேரம் முடிந்தும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்து செல்லும் வழியைப் படத்தில் வரைவித்து, பாலைவனத்து உலையின் ‘பயண’த்தை அதிற் குறித்துவரச் செய்தார். இடையிற் கருவிகள் சில பழுதுற்றன. நிறுத்திவிடலாம் என்றனர் பலர். குறையிருப்பின் அஃது இப்பொழுதே வெளிப்படட்டும் என்பது அவர் கருத்து. ஏறத்தாழ 96 மணி நேரத்தில் கப்பல் அயர்லாந்தை ‘அடைந்தது’.

இதற்கிடையே கனெக்டிகட் மாநிலத்துக் குரோட்டன் துறைமுகத்தில் நாட்டிலஸ் உருவாகிவந்தது. 1954 செப்டம்பரில், துறையிற் சோதிக்கும்பொழுது சிறு நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. ஆராய்ந்தபொழுது, மூட்டில்லாக் குழாய் இருக்கவேண்டிய இடத்தில் மூட்டுள்ள தாழ்ந்த வகைக் குழாய் பொருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. வேறெங்கெல்லாம் அவ்வகை கலந்துள்ளது என்று எவராலும் உறுதி கூற இயலவில்லை. ஐயத்திற்கிடமான குழாய்கள் அனைத்தையும் பெயர்த்து மாற்றுமாறு ரிக்கோவர் ஆணையிட்டார். காலம் கடந்தது, பொருள் செலவாயிற்று. ஆழ்கடலில் அக்குழாய் வெடித்திருப்பின், அதன் விலையை மாலுமிகளன்றோ கொடுத்திருப்பர்?

1955 சனவரி 17-இல் நாட்டிலஸ் அணுவாற்றலாற் புறப்பட்டது. முதலில் இட்ட எரிபொருளைக் கொண்டே 60,000 கடல்மைலுக்கு மேல் ஓடியது. 1958 ஆகஸ்டு 3-இல் பனிப்பாறைகளின் அடியிற் சென்று வடதுருவத்தைக் கடந்தது.

ரிக்கோவர் கடுஞ்சொல்லர், மேலதிகாரிகளையும் பொருட்படுத்தாதவர். அதனால் பதவி உயர்வு இருமுறை மறுக்கப்பட்டது. 1953-இல் அவர் ஓய்வுபெற நேர்ந்திருக்கும். மக்கட் பிரதிநிதிகள் தலையிட்டமையால் அட்மிரல் நிலைக்கு உயர்ந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவைக்குப் பின் 1982 சனவரியில் ஓய்வுபெற்றார். அம்மாதத்திலேயே காங்கிரசுக் குழுவொன்றின் முன் தோன்றிய அவர், தாம் கட்டிய போர்க்கப்பல்களைப் பற்றிப் பெருமை கொள்ளவில்லை என்றார். அவை தேவையாக நேர்ந்த தீமை என்றும், இயலுமாயின் அவை யாவற்றையும் கடலில் மூழ்கடித்துவிடத் தாம் விரும்புவதாகவும் கூறினார்.