மாஸ்கோவுக்கு வந்த எட்டாவது அணி எது தெரியுமா?

1952 ஆகஸ்ட். மாஸ்கோவின் டைனமோ மைதானம். பெண்களுக்கான முதல் உலகக் கைப்பந்துப் போட்டி. வந்திருந்த அணிகளை விரல்விட்டு எண்ணுங்கள். சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, பிரான்ஸ். ஏழு ஆயிற்றா? ஏழுமே ஐரோப்பா! எட்டாவதாக வந்து நின்றது யார் தெரியுமா?

இந்தியா!

ஜப்பான் வரவில்லை. சீனா வரவில்லை. பிரேசில், அமெரிக்கா, கியூபா, இன்றைக்கு நாம் வாய்பிளந்து பார்க்கிற எந்த அணியும் வரவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போன ஒரே அணி நம் பெண்களுடையது. அதுவும் எப்போது? இந்தியக் கைப்பந்துச் சம்மேளனம் பிறந்ததே 1951இல்தான். ஒரு வயதுக் குழந்தை நடை பழகும் காலத்தில் மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிடைத்தது எட்டாவது இடம். கடைசி இடம்தான், இருக்கட்டுமே! சுதந்திரம் வாங்கி ஐந்தே வருடம் ஆன ஒரு நாட்டின் பெண்கள், அன்றைய உலகத்தின் தலைசிறந்த ஏழு அணிகளோடு ஒரே களத்தில் நின்றார்கள். இதை ஏன் நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போடவில்லை என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமை.

இந்தத் தேடலுக்குள் என்னை இழுத்துவிட்டது ஒரு பந்து. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் மஞ்சக்குட்டை. ஒரு பக்கம் காப்பித் தோட்டம், மறுபக்கம் சில்வர் ஓக் மரங்கள், நடுவில் கொஞ்சம் சமதளம். சேர்வராயன் மலையில் சமதளம் கிடைப்பதே பெரிய விஷயம். அங்கே நெட் கட்டிப் பெண்பிள்ளைகள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். நெட்டின் உயரத்தை அளக்க ஒரு மூங்கில் கழி. அதில் ஏழு அடி நாலு அங்குலத்தில் சிவப்புப் பெயின்ட் கோடு. சேலத்திலிருந்து அன்று காலைதான் புதுப் பந்து வந்திருந்தது. இரண்டு சர்வீஸ் எடுத்ததும் ஒரு பிள்ளை மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஓடிவந்தது.

“சார், பந்து கல்லாட்டம் இருக்குதுங்க சார்!”

பயிற்சி கொடுப்பவர் பந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தார், நாக்கில் வைத்து ஈரப்படுத்தினார், பந்தில் செருகினார். புஸ்ஸென்று கொஞ்சம் காற்றுப் போனது. “கீழ அடிச்ச காத்து, மேல வந்தா இப்பிடித்தாங்க” என்றார் என்னிடம், ரொம்பச் சாதாரணமாக.

அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஞ்ஞானம் தெரியுமா? சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் மளமளவென்று குறைந்துவிடுகிறது. பஸ்ஸில் மடியில் வைத்திருக்கிற சிப்ஸ் பாக்கெட் வளைவுக்கு வளைவு உப்பிக்கொண்டே வருமே, அதே கதைதான்! கைப்பந்துக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சேலத்தில் விதிப்படி காற்றடித்த பந்து, மலையின் குளிரையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால்கூட, ஏற்காட்டில் 0.4ஐத் தொட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! பிள்ளையின் மணிக்கட்டு சிவந்ததற்குக் காரணம் புரிகிறதா?

இன்னொன்று கேளுங்கள். சுழலாமல் மிதந்து வந்து கடைசி நொடியில் இடமோ வலமோ வெட்டுகிற சர்வீஸ் இருக்கிறதே, அந்த ‘ஃப்ளோட்’ சர்வீஸ், அதை ஆட்டிவைப்பதே காற்றுதான். ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. பந்து அவ்வளவாக வெட்டாது; ஆனால் கூடுதல் தூரம் போகும். சென்னையில் கோட்டுக்குள் விழுகிற அதே சர்வீஸ் இங்கே கோட்டைத் தாண்டிக் காப்பிச் செடிக்குள் போய் விழும். அந்தப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை செடிக்குள் குனிந்து தேடியதைக் கண்ணால் பார்த்தேன்.

சரி, அந்தக் கழியின் சிவப்புக் கோடு? 2.24 மீட்டர்! ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியும் துருக்கியும் செர்பியாவும் எந்த உயரத்து நெட்டுக்கு மேல் எம்பி அடிக்கிறார்களோ, அதே உயரம். ஆண்களுக்கு 2.43.

அந்த ஐரோப்பியக் கோப்பையின் கதை இருக்கிறதே, அது தனி அதிசயம். பெண்களுக்கான முதல் போட்டி 1949இல், பிராக் நகரில். அன்றிலிருந்து 1991 வரை மொத்தம் 17 போட்டிகள். அதில் சோவியத் யூனியன் மட்டும் 13 தடவை ஜெயித்தது! மிச்சம் நாலைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் யார் தெரியுமா? 1955இல் செக்கோஸ்லோவாக்கியா, 1981இல் பல்கேரியா, 1983இலும் 1987இலும் கிழக்கு ஜெர்மனி. இப்போது உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சோவியத் யூனியன் இல்லை. செக்கோஸ்லோவாக்கியா இல்லை. கிழக்கு ஜெர்மனி இல்லை. நாற்பத்திரண்டு வருடம் கோப்பையைத் தூக்கிய நாலு நாடுகளில் இன்றைக்கு வரைபடத்தில் மிஞ்சியிருப்பது பல்கேரியா ஒன்றுதான்!

2021 கதையைக் கேட்டால் சிலிர்க்கும். டோக்கியோ ஒலிம்பிக், ஆகஸ்ட் 4, காலிறுதி. செர்பியாவிடம் இத்தாலி 0–3 என்று நொறுங்கியது. சரியாக ஒரே மாதம். செப்டம்பர் 4, ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், செர்பியாவின் தலைநகரம் பெல்கிரேடில், அவர்கள் சொந்த ஜனத்துக்கு முன்னால். அதே செர்பியாவை அதே இத்தாலி 3–1 என்று வீழ்த்தியது! தொடர் நாயகி பாவ்லா எகோனு, நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பெண்.

அதைவிட ஆச்சரியம் 2023. பிரஸ்ஸல்ஸில் இறுதியாட்டம், துருக்கியும் செர்பியாவும். துருக்கியின் பயிற்சியாளர் தானியேலே சாந்தரெல்லி. அவர் முந்தின வருடம் எந்த அணிக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார் தெரியுமா? செர்பியாவுக்கு! செர்பியாவின் பயிற்சியாளர் ஜியோவன்னி குயிதெத்தி. அவர் முந்தின வருடம் வரை எந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தார்? துருக்கிக்கு! இரண்டு பேரும் இத்தாலிக்காரர்கள். இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்து, தாங்களே வளர்த்த பிள்ளைகளுக்கு எதிராகத் திட்டம் தீட்டினார்கள். ஐந்து செட். துருக்கி 3–2. துருக்கிக் குடியரசின் நூறாவது ஆண்டில் முதல் ஐரோப்பியக் கோப்பை! அடித்து நொறுக்கிய மெலிசா வர்காஸ் பிறந்தது கியூபாவில்.

இத்தோடு முடியவில்லை. சாந்தரெல்லியின் மனைவி மோனிக்கா தெ ஜென்னாரோ. அவர் யார்? அப்போது இத்தாலி அணியின் லிபரோ! உயரம் 1.74 மீட்டர்தான், எல்லோரும் மரம் மாதிரி நிற்கிற ஆட்டத்தில் தரையோடு தரையாக உருண்டு பந்தை எடுக்கிறவர். 2025 உலகப் போட்டி இறுதியாட்டம், பாங்காக். ஒருபக்கம் கணவர் பயிற்சி கொடுக்கிற துருக்கி, மறுபக்கம் மனைவி ஆடுகிற இத்தாலி. மறுபடி ஐந்து செட். மனைவியின் அணி ஜெயித்தது! அன்று ராத்திரி அந்த இருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கும் நமக்கும் என்ன உறவு என்கிறீர்களா? இத்தாலியில் மோந்திகியாரி என்றொரு ஊர். அங்கே ஒரு உள்விளையாட்டு அரங்கத்தின் பெயர் ‘பாலாஜார்ஜ்’. எந்த ஜார்ஜ்? கேரளத்துப் பேராவூரின் ஜிம்மி ஜார்ஜ்! இத்தாலியில் போய்த் தொழில்முறையாக ஆடி, 1987 நவம்பரில் அங்கேயே கார் விபத்தில் போய்ச் சேர்ந்தவர். வயது 32. அண்ணன் தம்பி எட்டுப் பேருமே கைப்பந்து ஆடிய குடும்பம். அதில் ஒரு தம்பிதான் நீளம் தாண்டும் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜின் கணவர்.

இந்த ஆட்டம் நம் பக்கம் வந்த வழியும் சாதாரணமா? 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில் ஒய்.எம்.சி.ஏ.காரர் வில்லியம் மார்கன் கண்டுபிடித்து ‘மின்டோனெட்’ என்று பெயர் வைத்தார். மறு வருடம் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் ஆடிக் காட்டியபோதுதான் ‘வாலிபால்’ ஆயிற்று. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி! அங்கே படித்த பி.டி. மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போனார்கள். சம்மேளனம் தொடங்கிய மறு வருடம், 1952இல், தேசியப் போட்டி நடந்ததும் சென்னையில்தான். 1961இல் அர்ஜுனா விருதை முதன்முதலாக வழங்கியபோது கைப்பந்துக்கு வாங்கியவர் பெயர் ஏ. பழனிசாமி.

மஞ்சக்குட்டையில் நாலரை மணிக்கே பனி இறங்கிவிட்டது. எதிர்ப்பக்க நெட் கம்பம் மங்கலாகத்தான் தெரிந்தது. லிஃப்டர் பந்தைத் தூக்குவது தெரியும். பந்து வெள்ளைக்குள் காணாமல் போகும். பட்டென்று சத்தம் மட்டும் கேட்கும். ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தியும் நகரவில்லை. பந்து வருகிற திசையைச் சத்தத்தை வைத்தே சொல்லிக் கொடுத்து இன்னும் பதினைந்து புள்ளி ஆடினார்கள்.

நெட்டை அவிழ்க்கும்போது, மறுநாள் சேலத்தில் போட்டி என்று சொன்னார்கள். காலையில் கல்லாட்டம் இருந்த அந்தப் பந்து அதற்குள் மலைக்காற்றுக்குப் பழகியிருந்தது. இங்கே 0.30 இருப்பது, இருபது வளைவு இறங்கினால் கீழே 0.2 ஆகிவிடும், தரையில் தட்டினால் சரியாக எழும்பாது. காலையில் மணிக்கட்டைத் தேய்த்த அதே பிள்ளை, பந்து வலையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டது.

“சார், பம்ப்பு எடுத்துக்கிட்டீங்களா?”