நானுஓயா: ஆறும் இருப்புப்பாதையும்

நானுஓயா என்பது முதலில் ஓர் ஆற்றின் பெயர். 'ஓயா' என்னும் சிங்களச் சொல் சிற்றாற்றைக் குறிக்கும். நுவரெலியா மலைகளினின்று இறங்கும் அந்நீர் கொத்மலை ஓயாவை அடைந்து, முடிவில் மகாவலியோடு கலக்கின்றது.

அப்பெயரை நாடறியச் செய்தது இருப்புப்பாதை. 1869ஆம் ஆண்டு இலங்கையில் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1885இல் இரயில் நானுஓயாவை எட்டியது. நுவரெலியாவுக்குச் செல்வோர்க்கு இவ்வூரே வாயிலாயிற்று. 1903இல் இங்கிருந்து நுவரெலியாவுக்கும், மறு ஆண்டில் இராகலைக்கும் ஒரு குறும்பாதை சென்றது. 1948க்குள் அதுவும் மறைந்தது.

அதே 1948இல் பிறந்த குடியுரிமைச் சட்டம், தேயிலையை வளர்த்த தமிழ்த் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் பல்லாயிரவர் இம்மலைப்பாதை வழியே தலைமன்னார் சென்று, கப்பலேறி இந்தியா சேர்ந்தனர். பிரிவோரும் நிற்போரும் ஒருங்கே அழுததால், அவ்வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சி நின்ற நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கோட்டை கொத்தளங்களில் மட்டும் பழம்பெருமை தேடுவோர்க்கு நானுஓயா ஒரு சிறு நிலையமே. உழைத்தவர் வரலாற்றைத் தேடுவோர்க்கோ, அதன் மேடையே ஒரு சாசனம்.