கேம் டிஸ்க்கை இரவல் கொடுக்கலாமா?

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் என்று மேல்மலைக்குள் போகப் போக, போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 50 ஜிபி கேம் ஒன்றை இறக்க, நெட் கட் ஆகாமல் ஓடினால்கூட 22 மணி நேரம் ஆகும். அதே கேம் ப்ளூ-ரே டிஸ்க்கில் இருந்தால் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். நாலு பேர் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி மாத்திக்கிட்டா நாலு கேம் விளையாடலாம்.

'இது பைரசி இல்லையா?' என்று சிலர் கேட்பதுண்டு. இல்லைங்க.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவைப் பாருங்கள். கணினி நிரலை நகலெடுப்பது, அதன் பிரதியை விற்பது, வணிக வாடகைக்கு விடுவது போன்றவை உரிமையாளருக்கு மட்டும் உரியவை. காசு வாங்காமல் நண்பனுக்கு இரவல் கொடுப்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. டிஸ்க்கை காப்பி அடித்துக் கொடுத்தால்தான் தப்பு.

சரி, நாம வாங்கினதை மறுபடி விற்கலாமா? 'ஏற்கெனவே விற்கப்பட்ட பிரதியாக இருந்தாலும்' என்ற பொருளில் முன்பு இருந்த வாசகத்தை 1999-ல் திருத்தி நீக்கிவிட்டார்கள். 2021 மார்ச்சில் மென்பொருள் வரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும், பொருள் வடிவில் வாங்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்பவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார் என்றது.

கடை போட்டு நாள் வாடகைக்கு விடுவது வேறு கதை, அதற்கு அனுமதி வேண்டும். ஆனா இதில் ஒரு நல்ல விலக்கு இருக்கு. லாப நோக்கில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ, முறையாக வாங்கிய பிரதியை லாபமில்லாமல் இரவல் கொடுத்தால் அது 'வணிக வாடகை' ஆகாது. 2012 திருத்தத்தில் வந்தது இது. மலையில் ஒரு பள்ளி நூலகம் புத்தகத்தோடு கேம் டிஸ்க்கும் இரவல் கொடுக்க நினைத்தால், இந்த விலக்கு கைகொடுக்கும்.

டவுன்லோடு கேமில் கைமாற்ற ஒரு பொருளே கிடையாது. நமக்குக் கிடைப்பது கணக்கோடு கட்டிய உரிமம் மட்டும். அதனால்தான் 'வாங்கு' என்று பட்டன் போட்டு உரிமம் விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லணும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது.

டிஸ்க் இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் 'தி க்ரூ' கேமின் சர்வர்களை நிறுத்தியது. டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 'கேம்-கீ கார்டு' என்று ஒன்று விற்கிறார்கள். கார்டுக்குள் சாவி மட்டும்தான், கேமை நெட்டில் இறக்கணும். கார்டை இரவல் கொடுக்கலாம், ஆனா மன்னவனூர் நண்பனுக்கு மறுபடியும் அதே 22 மணி நேரம்!

சட்டத்தில் உரிமை இருந்தும் கையில் பயன் இல்லாமல் போவது இப்படித்தான். அதனால் வாங்கும் முன்னாடி பெட்டியின் பின்பக்கத்தைப் படிங்க. முழு கேமும் உள்ளே இருக்கா? நெட் இல்லாமல் ஓடுமா? இரண்டுக்கும் 'ஆமா' என்றால்தான் நீங்க கொடுக்கிற இரவல் மலை ஏறும்.