தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி ஏழைப் பிள்ளையைக் கரையேற்றுமா?

இங்கிலாந்தில் கல்வியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு யோசனை திரும்பத் திரும்ப வருகிறது: பின்தங்கிய பகுதிகளில் கிராமர் பள்ளிகளைத் திறந்தால், கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகள் மேலே வந்துவிடுவார்கள். 2016-ல் பிரதமர் தெரசா மே இதை அரசின் திட்டமாகவே அறிவித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சி பெரும்பான்மையை இழந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்த வாதத்துக்கு இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. அது எவ்வளவு தூரம் உண்மை?

கிராமர் பள்ளி என்பது என்ன?

அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, கட்டணம் கிடையாது. ஆனால் ‘லெவன் பிளஸ்’ என்னும் நுழைவுத் தேர்வில் தேறினால்தான் இடம். பெரும்பாலான பிள்ளைகள் இதைப் பத்து வயதில் எழுதுகிறார்கள். 1944-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இந்த முறை நாடெங்கும் பரவியது. தேறியவர்கள் கிராமர் பள்ளிக்கும், மற்றவர்களில் பெரும்பாலோர் ‘செகண்டரி மாடர்ன்’ பள்ளிக்கும் போனார்கள். 1965-ல் தொழிற்கட்சி அரசு, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. 1998-ல் வந்த சட்டம் புதிய கிராமர் பள்ளிகளுக்குத் தடை போட்டது. இன்று எஞ்சியிருப்பவை 163. கென்ட், பக்கிங்ஹம்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற இடங்களில் மட்டும் பழைய முறை பெரிய அளவில் தொடர்கிறது.

ஏழைப் பிள்ளைகள் உள்ளே போகிறார்களா?

மிகக் குறைவு. இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் இலவச மதிய உணவு எல்லாருக்கும் கிடையாது. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே உண்டு. அதனால் வறுமையை அளக்க அதையே அளவுகோலாக வைக்கிறார்கள். மே தன் திட்டத்தை அறிவித்த காலத்தில், கிராமர் பள்ளிகளில் அப்படிப்பட்ட மாணவர்கள் 100-க்கு 3 பேர்கூட இல்லை. அரசு இடைநிலைப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 13 பேர்.

ஏழைப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியிருப்பதுதான் காரணம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2013-ல் சட்டன் டிரஸ்ட் என்னும் கல்வி அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளி முடிவில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஒரே உயர்நிலையை எட்டிய பிள்ளைகளை ஒப்பிட்டது. கிராமர் முறை உள்ள பகுதிகளில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் 66 சதவீதம் பேருக்குக் கிராமர் பள்ளியில் இடம் கிடைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளில் 40 சதவீதம் பேருக்குத்தான்.

இடையில் நிற்பது டியூஷன். தேர்வில் வரும் சொல் புதிர்களும் வடிவப் புதிர்களும் பழகப் பழக எளிதாகின்றன. ஒன்றிரண்டு ஆண்டுகள் பணம் கட்டிப் பழக்கும் வீடு முந்திக்கொள்கிறது. லண்டன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இந்த ஓட்டம் நன்றாகத் தெரியும்.

இடம் கிடைத்தவருக்கு லாபமா?

ஓரளவு இருக்கலாம். எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிடியூட் 2016-ல் செய்த ஆய்வு, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் கிராமர் மாணவர்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிரேடு கூடுதலாகக் கிடைப்பதாகக் கணக்கிட்டது. 2018-ல் டரம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாணவர்களின் முந்தைய மதிப்பெண்ணையும் நீண்டகால வறுமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வித்தியாசமும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றார்கள். பள்ளி சிறந்தது போலத் தெரிவதற்குப் பெரிய காரணம், அது யாரைச் சேர்த்துக்கொள்கிறது என்பதே.

1950-களில் கிராமர் பள்ளிகள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை உயர்த்தினவே என்று சிலர் கேட்பார்கள். பலர் உயர்ந்தது உண்மை. அன்று அலுவலக வேலைகள் வேகமாகப் பெருகியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால், இடம் பிடித்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் பலர் படிப்பைப் பாதியில் விட்டுப் போவதை அரசின் ஆலோசனைக் குழுவே 1954-ல் பதிவுசெய்தது.

இடம் கிடைக்காதவர்கள்?

ஒரு வட்டாரத்தின் முன்னணி மாணவர்களைத் தனியே எடுத்துவிட்டால், சுற்றியுள்ள பள்ளிகளின் வகுப்பறை மாறிப்போகிறது. அனுபவமுள்ள ஆசிரியர்களை அங்கே ஈர்ப்பதும் கடினமாகிறது. கிராமர் இடங்கள் மிகுந்த வட்டாரங்களில், இடம் கிடைக்காத பிள்ளைகளின் மதிப்பெண் சற்றுக் குறைகிறது என்றும், ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு கூடுதல் என்றும் அதே 2016 ஆய்வு சொன்னது. பத்து வயதிலேயே ‘நான் தேறாதவன்’ என்ற எண்ணம் மனதில் விழுவது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத இழப்பு.

சீர்திருத்த முடியாதா?

பர்மிங்காமின் ஆறாம் எட்வர்ட் அரசர் அறக்கட்டளைப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பகுதி இடங்களை ஒதுக்கி, சற்றுக் குறைந்த மதிப்பெண்ணிலும் சேர்த்துக்கொள்கின்றன. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இடம் கிடைக்காதவர்களின் நிலையை இது மாற்றாது.

இன்னொரு வழியை லண்டன் காட்டியது. உள் லண்டனில் கிராமர் பள்ளிகளே இல்லை. 2003-ல் தொடங்கிய ‘லண்டன் சேலஞ்ச்’ திட்டம், தடுமாறிய பள்ளிகளைத் தேர்ந்த தலைமையாசிரியர்களோடும் சிறந்து விளங்கிய பள்ளிகளோடும் இணைத்தது. ஒரு காலத்தில் கவலைக்கிடமாக இருந்த டவர் ஹாம்லட்ஸ் போன்ற ஏழ்மை மிகுந்த வட்டாரங்கள் முன்னேறின. லண்டனின் ஏழைப் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதி ஏழைப் பிள்ளைகளை மதிப்பெண்ணில் முந்தினார்கள். தொடக்கப் பள்ளிகளின் முன்னேற்றம், புலம்பெயர்ந்த குடும்பங்களின் கல்வி ஆர்வம் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எது எப்படியானாலும், பிள்ளைகளைப் பத்து வயதில் பிரிக்காமலே இந்த முன்னேற்றம் வந்தது.

ஆகவே, தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளி சில ஏழைப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கலாம். ஏழைப் பகுதிக்குக் கைகொடுப்பதில்லை. எந்த நாட்டில் யார் இப்படி ஒரு பள்ளியைத் திறக்கிறோம் என்றாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உள்ளே போகப்போவது யார் வீட்டுப் பிள்ளை? வெளியே நிற்கும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?