கார் ஏன் 'டப்' என்று வெடிக்கிறது? இழுவை ஏன் குறைகிறது?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பழைய அம்பாசிடரில் நீங்கள் போய்க்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டேரிப்பட்டு வரை வண்டி ஒழுங்காகவே ஓடுகிறது. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். 'டப்' என்று ஓர் ஓசை! முன்னே பாய வேண்டிய வண்டி தயங்குகிறது. எதிரே பேருந்து வந்துகொண்டிருக்க, பாதி முந்திய நிலையில் வண்டி தயங்குவது எத்தகைய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

மெக்கானிக்குகள் இதைப் 'பேக் அடிக்கிறது', 'இழுவை இல்லை' என்பார்கள். உடனே 'எஞ்சினை இறக்கிவிட வேண்டியதுதான்' என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அவசரப்படாதீர்கள். எஞ்சினை இறக்குவது பெருஞ்செலவு. பல சமயம் வீண் செலவுங்கூட. முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: ஓசை எங்கிருந்து வந்தது? பானெட்டுக்கு அடியிலிருந்தா, பின்னால் சைலன்சரிலிருந்தா?

இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, பொறியால் பற்றவைக்கப்பட்டு, எரிந்த புகை வெளியே தள்ளப்படுகிறது. கலவை வரும் வழியில் ஒரு வால்வு, புகை போகும் வழியில் ஒரு வால்வு. எரிதல் முடிவதற்குள் உள்வழி வால்வு திறந்துவிட்டால் தீ பின்னோக்கிப் பாய்ந்து கார்புரேட்டர் வழியே 'டப்' என்று வெடிக்கும். மாறாக, கலவை எரியாமலே வெளியேறிச் சூடான சைலன்சர் குழாயில் தேங்கிவிட்டால், அடுத்த சிலிண்டரிலிருந்து வரும் அனற்புகை அதைப் பற்றவைத்து 'டமால்' என்று வெடிக்கச் செய்யும்.

சைலன்சர் வெடியை முதலில் பார்ப்போம். கலவை எரியாமல் போவதற்குப் பெரும்பாலும் பொறியே காரணம். பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் சுமார் 15,000 முதல் 20,000 வோல்ட் வரை உயர்த்தித் தருகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 100 பொறிகள் வேண்டும். இத்தனையையும் நிர்ணயிப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், சுண்டுவிரல் நகமளவுகூட இல்லாத இரு உலோக முனைகள். 'பாயிண்ட்' என்று நாம் சொல்வது இவற்றைத்தான். அவை நன்கு திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் சிறு ஃபைபர் கட்டை நாளாவட்டத்தில் தேய்கிறது, இடைவெளி குறைகிறது, அதனால் பொறி விழும் நேரமும் தள்ளிப்போகிறது. ஓட்டுபவருக்கு ஒரே நாளில் எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் இழுவை சிறிது சிறிதாகக் குறைந்து, 'வண்டிக்கு வயதாகிவிட்டது' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்!

பாயிண்டின் முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தால் பக்கத்திலுள்ள கண்டன்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே தீப்பொறி எழாமல் தடுப்பது அதன் வேலை. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் தொல்லை தரும் கண்டன்சர்கள் உண்டு. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் ஓடும். நல்ல கண்டன்சரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிட அதிகம் இருக்காது. இதற்காக எஞ்சினையே இறக்குவதா?

நிற்கும்போது சரியாக இருக்கும் வண்டி, முந்தும்போது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை நுழைகிறது, அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் மிகுந்த வாயுவின் ஊடே பொறி தாவ அதிக வோல்ட்டு தேவை. நலிந்த காயிலோ, இடைவெளி அகன்ற பிளக்கோ அந்த நேரத்தில்தான் கையை விரிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழைபோன்ற கீறல் இருந்தாலும் இதே கதைதான். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் கீறல் வழியே ஓடிவிடும். இரவில், இருட்டான இடத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். நீலப் பொறிகள் வயர்களின்மீது ஊர்ந்தால் திருடன் அகப்பட்டான். கையால் தொட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக்குள் ஈரம் கோத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைப்பதே போதும்.

பிளக் மாற்றிய மறுநிமிடமே வெடி தொடங்கினால் வயர்கள் இடம் மாறியிருக்கும். அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் எரியும் வரிசை 1, 3, 4, 2. (டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வேடிக்கை பார்க்கலாம், அதில் பொறியே கிடையாது.)

இனி, கார்புரேட்டர் வழியே வரும் வெடி. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை உள்வழி வால்வு திறக்கும்வரைகூடத் தணல் அணையாமல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சோக்கைச் சிறிதளவு இழுத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். வெடி அடங்கி இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். ஃபில்டரில் துரு அடைப்பு, பம்பின் டயஃப்ரம் கிழிசல், மேனிஃபோல்டு கேஸ்கட் வழியே காற்றுக் கசிவு என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். டாங்கி மூடியைத் திறக்கையில் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. எஸ்.யு. கார்புரேட்டரின் மேல் திருகைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றிவிட்டால் உள்ளிருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பி, காற்று மிகுந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்திய கணமே 'டப்' என்னும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: ஏர்கிளீனரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சுற்றும்போது கார்புரேட்டர் வாய்க்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. பின்னோக்கி வரும் தீயைத் தடுப்பது அந்த ஏர்கிளீனரே.

பழைய கார்களுக்குப் புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காடு கலந்த எரிபொருளுக்குச் சுமார் 13.5 கிலோ. புதிய கார்களில் கணிப்பொறி இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. பழைய ஜெட் அமைப்பில் கலவை சுமார் 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் உப்பவும் வெடிக்கவும் செய்யும். ஆகவே குழாய்களை மாற்றுவதும் ஜெட்டைச் சற்றே திருத்தி அமைப்பதும் இன்று பழைய கார்களுக்கு அவசியமாகிவிட்டன.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் குறை தீரவில்லையா? அப்போதுதான் எஞ்சினின் உள்ளே நோக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரெஷன் கேஜால் நான்கு சிலிண்டர்களையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதனுள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வால்வுதான் குறையென்றால் முதலில் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு இருக்கைகளின்மீது மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. காற்றுக்கும் குழந்தைகளுக்கும் நல்லது; பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு மட்டும் சிறு இழப்பு. இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே அமிழ்ந்து, டாப்பெட் இடைவெளி மறைந்து, வால்வு முழுதும் மூடாமல் கருகத் தொடங்கும். இடைவெளியை அவ்வப்போது அளந்து சரிசெய்து வந்தால் அந்த வால்வு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதற்குத் தேவை ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர், அரை நாள் பொழுது.